உங்களுக்குக் கட்டுகினமோ, மிஸ்?

2022ஆம் ஆண்டு யூன் மாதம். ஓமந்தைக்கு உட்புறமாக உள்ள ஒரு கிராமத்தின் முன்பள்ளிக் கட்டடத்தில் மாதாந்தப் பெண்கள் கூட்டம். பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலம் அது. ஸ்கூட்டியை வீட்டில் நிறுத்திவிட்டு பஸ்சில் போய் இறங்கி, சந்தியில் இருந்து ஒரு சகோதரியின் சைக்கிளில் பின்னால் இருந்து போனேன். இருபத்தைந்து பேரளவில் வந்திருந்தார்கள். பெரும்பாலானோர் பெண் தலைமைத்துவக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். கணவனை இறுதி யுத்தத்தில் இழந்தவர்கள், காணாமல் ஆக்கப்பட்டவரை இன்னும் தேடுபவர்கள், ஒரு காலையோ கையையோ இழந்த கணவனைப் பராமரிப்பவர்கள் என்று பலவகை.

அன்றைய தலைப்பு ஊழியர் சேமலாப நிதி. கரும்பலகையில் 8, 12, 3 என்று மூன்று இலக்கங்களை எழுதினேன். நாம் உழைக்கும் சம்பளத்தில் 8 வீதம் எமது பங்கு. முதலாளி தன் பணத்தில் இருந்து 12 வீதம் போடவேண்டும். அதற்கு மேலாக ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு அவர் 3 வீதம் கட்டவேண்டும்; அதை எமது சம்பளத்தில் பிடிக்க முடியாது. மாதம் 20,000 ரூபா சம்பளம் என்றால் எம்மிடம் இருந்து 1,600 ரூபா, முதலாளியிடம் இருந்து 2,400 ரூபா, ஆக 4,000 ரூபா மாதாமாதம் எமது பெயரில் சேரும். வருடத்துக்கு 48,000 ரூபா. நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குப் போகும் 600 ரூபா வேறு. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் இது. கடையில் ஒரேயொரு பிள்ளை வேலை செய்தாலும் கட்டவேண்டும். நாட்சம்பளம், தற்காலிகம், பழகுநர் என்ற கதைகள் எதுவும் செல்லாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில் இருந்தே உரித்து உண்டு.

நான் இப்படி ஆர்வத்தோடு சொல்லிக்கொண்டு போக, சுவரோரம் இருந்த ஒரு அக்கா கையை உயர்த்தினார்.

"மிஸ், உங்களுக்கு உந்தக் காசு கட்டுகினமோ?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பதில் சொல்லாமல் அடுத்த விடயத்துக்குப் போய்விட்டேன். அந்தக் கேள்வி என்னோடு பஸ்சில் ஏறி வீடு வரைக்கும் வந்தது. ஏனென்றால் எனக்கும் கட்டவில்லை.

தொண்டு என்ற சொல்

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தில் இருந்து சனம் எல்லாம் ஒரே இரவில் வெளிக்கிட்டபோது எனக்கு ஏழு வயது. அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நாவற்குழிப் பாலத்தில் நசிபட்டு நடந்த ஞாபகம் மட்டும் இருக்கிறது. பிறகு வன்னி, பிறகு திரும்பவும் யாழ்ப்பாணம். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தேன். பட்டம் கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை. பட்டதாரிகள் நியமனம் கேட்டுக் கொட்டகை போட்டு இருந்த நாட்களில் நானும் சில நாட்கள் போய் இருந்திருக்கிறேன். கடைசியில் வவுனியாவில் ஒரு தொண்டு நிறுவனத்தில் கள இணைப்பாளராகச் சேர்ந்தேன். அது 2015.

பதவியின் பெயர்தான் பெரிது. தந்தது சம்பளம் அல்ல, "கொடுப்பனவு". ஆறு மாதத்துக்கு ஒரு ஒப்பந்தம். அதில் "ஊழியர்" என்ற சொல் எங்கும் வராது. "செயற்றிட்ட ஆலோசகர்" என்று இருக்கும். மாதக் கடைசியில் ஒரு வவுச்சரில் கையெழுத்து வைத்துக் காசை எடுப்போம். காலை எட்டரைக்கு வரவுப் புத்தகத்தில் ஒப்பமிடவேண்டும், லீவு கேட்டு எழுதவேண்டும், சனிக்கிழமையும் களத்துக்குப் போகவேண்டும். இப்படிப்பட்ட ஆலோசகரை உலகத்தில் வேறெங்கும் காணமுடியாது! பத்துப் பேருக்குக் குறைந்த ஊழியர்கள் உள்ள தரும நிறுவனங்களுக்குச் சேமலாப நிதியில் இருந்து விதிவிலக்கு உண்டு. ஆனால் நாங்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இருந்தோம்.

என்னோடு வேலை செய்த ஒரு தங்கை கர்ப்பமானபோது, அவருடைய ஒப்பந்தம் ஏழாம் மாதத்தில் முடிவடைந்தது. புதுப்பிக்கப்படவில்லை. அவ்வளவுதான். பிரசவ லீவு 84 நாட்கள் என்றும், 2018இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு மூன்றாவது பிள்ளைக்கும் அதே 84 நாட்கள்தான் என்றும் கிராமம் கிராமமாகச் சொல்லித் திரிந்தவர் அவர்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டும் ஏன் கேட்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் பணிப்பாளர் கெட்டவர் அல்ல. யுத்தம் முடிந்த கையோடு, எவரும் உள்ளே போகப் பயந்த இடங்களுக்கெல்லாம் போய் உதவியவர். "பிள்ளை, நாங்கள் சேவையல்லோ செய்யிறம்" என்று அவர் சொல்லும்போது அதற்கு மேலே வாய் வராது. பாதிக்கப்பட்ட சனத்துக்கு வந்த காசில் எனக்கு ஒரு பங்கு கேட்பதா என்று மனம் கூசும். அந்தக் கூச்சத்துக்குப் படித்த சமூகவியலில் ஒரு பெயர் இருக்கலாம். எனக்கு அப்போது அது நல்ல பண்பு என்றே தோன்றியது.

கூறைச் சேலையும் அக்காவும்

கேள்வி கேட்ட அக்காவைத் தேடி அடுத்த கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். பெயர் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கே அவரை அக்கா என்றே எழுதுகிறேன். கணவரை 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் இழந்தவர். இரண்டு பிள்ளைகளோடு மெனிக் பாமில் இருந்து 2010இல் வெளியே வந்தார். கோழி வளர்த்தார், கச்சான் பிடுங்கப் போனார். 2013இல் தெரிந்த ஒருவர் சொல்லி வவுனியா நகரில் ஒரு புடவைக்கடையில் வேலை கிடைத்தது.

விடிய நாலரைக்கு எழும்பிச் சமைத்து, கிணற்றில் தண்ணி அள்ளி வைத்து, பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு ஆறே முக்கால் பஸ். அதில் இருக்க இடம் கிடைத்தால் அன்று நல்ல நாள். கடையில் இரவு ஏழு மணி வரைக்கும் நிற்கவேண்டும். ஆள் இல்லாத நேரத்திலும் இருக்கக்கூடாது. முதலாளிக்கு கமராவில் தெரியும். கடைக்குப் பின்னால் ஒரு மலசலகூடம், அதற்குச் சாமான் அறை ஊடாகப் போகவேண்டும். ஆம்பிளைப் பெடியள் நிற்கிற இடம். அதனால் பகலில் தண்ணி குடிக்கமாட்டாராம். சலக்கடுப்போடு ஆஸ்பத்திரியில் ஒரு கிழமை படுத்ததும் உண்டு. அந்தக் கிழமைச் சம்பளம் வெட்டப்பட்டது. இரவு கடைசி பஸ்சில் இறங்கி நடக்கும்போது வாசலில் நிற்கிற சனம் சொல்லும் சொல் வேறு. "புருசன் இல்லாத பெண் பொழுதுபட்டு வாறா" என்ற ஒரு வசனத்தை எங்கள் ஊர்கள் எத்தனை ஆயிரம் பெண்களுக்குச் சொல்லியிருக்கும்!

அவர் சொன்னவற்றில் எனக்கு மறக்க முடியாதது ஒன்று. அக்காவுக்குப் பட்டுச் சேலை பார்க்கத் தெரியும். சரிகையை விரலால் தடவியே எந்தத் தரம் என்று சொல்லிவிடுவார். கடைக்குச் சரக்கு வரும்போது முதலாளியே அவரைக் கூப்பிட்டுத்தான் கேட்பார். ஆனால் கல்யாண வீட்டுக்காரர் கூறை எடுக்க வந்தால், அக்கா உள்ளே போய்விடவேண்டும். அப்படி ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. முதல் தடவை முதலாளி கண்ணால் காட்டினார். பிறகு அவராகவே போகப் பழகிவிட்டார். இருபது வயதுப் பிள்ளை ஒன்று, தரம் தெரியாமல், பிழையான விலை சொல்லி விற்கும். அக்கா பின்னால் நின்று சட்டைத்துணி மடிப்பார்.

"அது எனக்கு நோகேல்லை மிஸ்," என்றார். நோகவில்லை என்பதை மூன்று தரம் சொன்னார்.

இதே முதலாளிதான் அவருடைய மூத்த மகள் பெரியபிள்ளையானபோது சடங்குக்கு 50,000 ரூபா கடன் கொடுத்தார், வட்டி இல்லாமல். ஒவ்வொரு தீபாவளிக்கும் சேலை கொடுப்பார். "என்ர குடும்பத்துக்குச் சோறு போட்ட மனுசன். அவரிட்டைப் போய்ச் சட்டம் கதைக்கிறதோ?" என்று அக்கா கேட்டார். உப்பிட்டவரை நினைப்பது எமது வளர்ப்பு. ஆனால் உப்புக்குப் பதிலாக ஒன்பது வருடம் காலையில் இருந்து இரவு வரைக்கும் நின்ற கால்களை யார் நினைப்பது?

இங்கேதான் எனக்கு ஒரு விடயம் விளங்கியது. அக்காவுக்குக் கிடைத்த வேலையை ஊரும் முதலாளியும் அக்காவும்கூட ஒரு கருணையாகவே பார்த்தார்கள். கணவன் இல்லாதவளுக்கு இரங்கிக் கொடுத்த வேலை. எனது வேலையை எல்லோரும் ஒரு தியாகமாகப் பார்த்தார்கள். கருணையில் வந்ததற்கும் தியாகமாகச் செய்வதற்கும் கணக்குக் கேட்க முடியாது. எங்கள் இருவருக்கும் படிப்பில் எவ்வளவோ வித்தியாசம் இருந்தும், சம்பள விடயத்தில் ஒரே இடத்தில்தான் நின்றோம்.

சட்டப்படியான ஆகக்குறைந்த சம்பளம் 2016இல் 10,000 ரூபாவாக இருந்தது. 2021இல் 12,500, 2024இல் 17,500 என்று ஏறி, 2025இல் செய்த திருத்தத்தின்படி அந்த ஆண்டு ஏப்ரலில் இருந்து 27,000 ரூபா, 2026 ஜனவரியில் இருந்து 30,000 ரூபா என்று நிர்ணயிக்கப்பட்டது. அக்காவுக்குச் சம்பளத்தில் பெரிய குறை இல்லை. 2022இல் 22,000 வாங்கினார். ஆனால் சம்பளச் சிட்டை இல்லை, நியமனக் கடிதம் இல்லை, சேமலாப நிதி இலக்கம் இல்லை. சாமான் விலை ஏறி அந்த 22,000 பாதியாகச் சுருங்கிய வருடம் அது. பிள்ளையின் மேற்படிப்புக்கு என்ன செய்வது என்று அவர் கவலைப்பட்டபோதுதான் கரும்பலகையில் நான் எழுதிய கணக்கு அவருக்கு உறைத்திருக்கிறது.

கணக்குக் கொப்பி

எட்டு மாதம் யோசித்து, 2023 பெப்ரவரியில்தான் போகலாம் என்றார். தொழில் அலுவலகத்தில் உத்தியோகத்தர் பொறுமையாகக் கேட்டார். பெயரை வெளிவிடாமல் விசாரிக்கலாம் என்றும் சொன்னார். அக்கா, பதினொரு பேர் நிற்கிற கடையில் எந்தப் பெயரை மறைக்கிறது என்று சிரித்துவிட்டு, தன் பெயரிலேயே எழுதிக் கொடுத்தார்.

"அங்கே வேலை செய்ததற்கு என்ன ஆதாரம் இருக்கு?" என்பதுதான் முதல் கேள்வி. எங்களிடம் கடிதம் இல்லையே என்று நான் பதறினேன். அக்கா பையைத் திறந்தார். ஒரு நாற்பது பக்கக் கொப்பி. அதைப் போல இன்னும் ஆறு. பஸ் காசு இவ்வளவு, சம்பளம் எடுத்தது இன்ன திகதி இவ்வளவு, அட்வான்ஸ் இவ்வளவு, லீவு எடுத்த நாள், வெட்டின காசு. எல்லாம் பேனையால் எழுதியிருந்தது. பிறகு ஒரு பொலித்தீன் பைக்குள் போனஸ் காசு தந்த கடிதவுறைகள், கடையின் பெயர் அச்சிட்டவை. கடைசியாகப் படங்கள். வருடாவருடம் சரஸ்வதி பூசை அன்று கடையில் எல்லோரும் நின்று எடுத்த படங்கள். பின்சுவரில் அந்தந்த வருடக் கலண்டர் தெளிவாகத் தெரிந்தது. உத்தியோகத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார்.

ஆனால் கொப்பிகள் 2016இல் இருந்துதான் இருந்தன. அதற்கு முந்திய மூன்று வருடக் கொப்பிகளை அக்கா கடலைக்காரருக்கு நிறைக்கு விற்றுவிட்டார். அந்தக் காலத்துப் படமும் இல்லை. முதலாளி 2016இல் இருந்துதான் அக்கா தன்னிடம் வேலை செய்தார் என்று எழுதிக் கொடுத்தார். எங்களால் அதை மறுத்து நிரூபிக்க முடியவில்லை. வீட்டில் பழைய கடதாசி வைத்திருக்கிற சகோதரிகள், தயவுசெய்து நிறைக்கு விற்கமுதல் ஒரு தரம் புரட்டிப் பாருங்கள். சம்பளம் வங்கிக்கு வருவதானால் வங்கிப் புத்தகமே நல்ல ஆதாரம். கையில் தருவதானால் திகதியோடு எழுதி வைத்திருங்கள். லீவு கேட்ட கடிதத்தின் பிரதி, கடையில் இருந்து உங்கள் தொலைபேசிக்கு வந்த செய்தி, கடைப் பெயர் போட்ட மேலங்கி, எதுவானாலும் வீணில்லை. உங்களோடு நின்ற ஒருவர் சாட்சி சொல்லத் துணிந்தால் அதைவிடப் பெரிய ஆதாரம் வேறு இல்லை.

விசாரணை உடனே முடியவில்லை. முதலாளி தவணை தவணையாகக் கேட்டார். கட்டாமல் விட்ட காசுக்கு, பிந்திய காலத்தைப் பொறுத்து 5 வீதத்தில் இருந்து 50 வீதம் வரைக்கும் மேலதிகக் கட்டணம் உண்டு என்பதும், கட்டாவிட்டால் விடயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும் என்பதும் அவருக்கு விளங்கிய பிறகுதான் தவணைமுறையில் கட்டச் சம்மதித்தார். அந்த நேரம் பிடிக்காமல் விட்ட 8 வீதத்தை இப்போது அக்காவின் சம்பளத்தில் பிடிக்க முடியாது. அதையும் முதலாளியே போடவேண்டும். இதைக் கேட்டபோது அக்காவின் முகத்தில் சந்தோசத்தைவிடப் பயமே தெரிந்தது.

பயந்தது சரிதான். ஆனால் அது முதலாளியிடம் இருந்து வரவில்லை. அவர் வேலையை விட்டு நிற்பாட்டவில்லை. கதைப்பதை மட்டும் நிற்பாட்டினார். மற்றப் பிள்ளைகள்தான் கோபித்தார்கள். உத்தியோகத்தர் வந்து எல்லோருடைய விபரத்தையும் எடுத்ததால், அடுத்த மாதத்தில் இருந்து எல்லோருக்கும் 8 வீதம் பிடிக்கத் தொடங்கினார்கள். கையில் வருகிற காசு குறைந்தது. அந்த வருடத் தீபாவளிக்குச் சேலையும் இல்லை. "உங்களாலதான் அக்கா" என்று ஒரு பிள்ளை அழுதிருக்கிறது. அதுவும் தகப்பன் இல்லாத பிள்ளை, தம்பியைப் படிப்பிக்கிறது. பிடிக்கிற 1,600க்கு முதலாளி 2,400 போடுகிறார் என்று நான் போய் விளங்கப்படுத்தினேன். "ஐம்பது வயதில வாற காசு இந்த மாதம் ரியூசனுக்கு உதவுமோ மிஸ்?" என்று கேட்டது. பெண்களுக்கு ஐம்பது வயதில் அந்த நிதியை எடுக்கலாம் என்று சொல்லிக் கொடுத்ததும் நான்தானே. பத்து வருடம் கட்டி, கணக்கில் மூன்று இலட்சத்துக்குக் குறையாமல் இருந்தால் வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ 30 வீதத்தை முந்தி எடுக்கலாம் என்றும் சொன்னேன். பத்து வருடம் என்றதும் அந்தப் பிள்ளை எழும்பிப் போய்விட்டது. அதைப் பிழை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அக்கா 2024இல் வேறொரு கடைக்கு மாறினார். சேர்ந்த அன்றே நியமனக் கடிதம் கேட்டிருக்கிறார். "பிறகு தாறம்" என்றார்களாம். மாதம் ஒரு தடவை கேட்டு, மூன்றாம் மாதம் வாங்கினார். அங்கேயும் கூறைப் பக்கம் விடுகிறார்களோ என்று கேட்டேன். "இன்னும் கேட்கேல்லை" என்றார்.

என் கணக்கு

நான் பணிப்பாளரிடம் கேட்டேனா என்று இதை வாசிப்பவர்கள் நினைப்பீர்கள். அக்கா முறைப்பாடு எழுதிக் கொடுத்த கிழமையில் நானும் ஒரு கடிதம் எழுதினேன். மூன்று நாள் பையில் வைத்திருந்து கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். "உமக்கும் இப்படித் தோன்றிவிட்டுதே" என்றார். ஆனால் 2023 ஏப்ரலில் இருந்து எங்கள் எல்லோருக்கும் கட்டத் தொடங்கினார்கள். முந்திய காலத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நானும் பேசவில்லை. 2024 முடிவில் அங்கிருந்து விலகி இப்போதைய வேலைக்கு வந்தேன். ஏழு வருடத்துக்கும் மேற்பட்ட காசு. அக்காவுக்காக அலுவலகப் படி ஏறிய நான், எனக்காக ஒரு தடவையும் ஏறவில்லை. நன்றி மறந்தவள் என்ற பெயர் வரும் என்ற பயம்தான். அக்காவின் பயமும் இதே பயம்தான். அவர் அதை வைத்துக்கொண்டே போனார்.

போன மாதம் அக்காவுக்கு அவருடைய உறுப்பினர் அட்டை, "பி அட்டை" என்று சொல்வார்களே, அது கைக்கு வந்தது. வீட்டுக்குக் கூப்பிட்டுக் காட்டினார். அவருடைய பெயரில் ஒரு எழுத்துப் பிழை. கடையில் படிவம் நிரப்பியவர் அடையாள அட்டையில் உள்ளபடி எழுதாமல் தன் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். இப்படியே விட்டால் காசு எடுக்கிற நேரத்தில் பெரிய இழுபறி. திருத்துவதற்கு அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் கொண்டு வருகிற புதன்கிழமை போகிறோம்.

"அண்டைக்கு உங்கட கடுதாசியளையும் கொண்டு வாங்கோவன்" என்றார் அக்கா, தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே. நேற்று இரவு அலுமாரியில் தேடினேன். ஒப்பந்தங்கள் ஒன்பது கிடைத்தன. 2017, 2018க்கு உரிய வவுச்சர் பிரதிகளை இன்னும் காணவில்லை.